தொடக்கூடாத வட்டம்

ரூத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டுக்குப் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தால்தான் அவளுக்கு அடுத்த மூன்று நாலு நாள் ஓடும். நெம்மேலியிலிருந்து அவளை அழைத்துப் போய்த் திரும்பிக் கூட்டி வருவது புருஷன் ஜெபசிங்கின் பழைய ஃபியட். அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை மாமல்லபுரம் தாண்டியதும் அந்த ஃபியட்டின் கிளட்ச் தேய்ந்து தீர்ந்துபோனது. எஞ்சின் கத்தியது, சக்கரம் நகர மறுத்தது.

வண்டியைக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துவந்து சேர்ப்பதற்குள் அன்றைய முறை போய்விட்டது. டயாலிசிஸ் சென்டருக்குப் போன் போட்டான். புதன் சாயங்காலம் ஒரு படுக்கை காலி இருக்கிறது, இல்லாவிட்டால் வியாழன் காலை ஆறு மணிக்கு வாருங்கள் என்றார்கள்.

"வியாழன் காலைல வரோம்மா. வண்டி வேல கீது" என்றான் ஜெபசிங்.

பக்கத்து வீட்டு லட்சுமணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். போனில் பேசியதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு வந்தான். "இன்னாத்துக்கு அண்ணாத்த தள்ளிப் போடற? நாளிக்கி சாயங்காலம் நான் இட்டுனு போறேன் அண்ணிய. சவாரி கெடக்குது வுடு."

"உன் ஆட்டோ குலுக்கற குலுக்குல அவளுக்கு வேற எதுனா ஆயிடும். என் வண்டி ரெடியாயிடும், நீ போ."

ரூத்தும் உள்ளேயிருந்து, "ஒரு நாள் தானே, பரவால்ல லட்சுமணா" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான். புருஷன் சொன்ன பிறகு அவனை நாலு பேர் முன்னால் மாற்றிப் பேசமாட்டாள். தனியாக இருக்கும்போது உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள், அது வேறு விஷயம்.

ஜெபசிங்குக்கு வாய் நீளம்தான். வாயைவிட அந்த ஃபியட்டின் மேல் அவனுக்கிருந்த வீம்பு நீளம். அந்த வண்டி ஒரு காலத்தில் அருணகிரியுடையது. அருணகிரியின் நிலத்தில்தான் ஜெபசிங்கின் அப்பா சின்னையன் கூலிக்கு நின்றார். வண்டியைக் கழுவியது சின்னையன், ஸ்டார்ட் ஆகாத நாளில் தெரு முனைவரை தள்ளியது சின்னையன். ஒருநாள்கூட அதற்குள் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதுமில்லை. அருணகிரி இறந்துபோன பிறகு அவர் மகன் தமிழ்வாணன் வண்டியைக் கொட்டகையில் போட்டுவைத்தான். பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மாட்டி ஓடவைத்தான் ஜெபசிங். ஓடிய முதல் நாள் பொண்டாட்டியை முன் சீட்டில் உட்காரவைத்து அருணகிரி வீட்டுத் தெருவில் இரண்டு தடவை போனான். ஒரு தடவை போதாதா என்று ரூத் கேட்டாள். முதல் தடவை யாரும் வெளியே வரவில்லை என்றான்.

இப்படிப்பட்டவன் அந்த வண்டி வாசலில் இருக்கும்போது ஆட்டோவில் பொண்டாட்டியை அனுப்புவானா?

செவ்வாய் மத்தியானமே பைக்கில் செங்கல்பட்டுக்குப் போய், பக்தவத்சலத்தின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது கிளட்ச் பிளேட் வாங்கிவந்தான். ஃபியட் சாமான் இப்போது எங்கேயும் லேசில் கிடைப்பதில்லை. பக்தவத்சலம் பழைய சரக்கைப் பெட்டி பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கிற மனுஷர். அவர் கடையில் இல்லையென்றால் உலகத்தில் இல்லை என்று ஜெபசிங்கே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறான்.

புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டான். கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கும் நிலையத்தில் அவன் பம்ப் ஃபிட்டர். பெரிய பெரிய பம்பையெல்லாம் பிரித்து மாட்டிய கை. வண்டியை ஜாக்கியில் தூக்கி நாலு பக்கமும் தடித்த மரக்கட்டை கொடுத்தான். மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தான். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றி, ஸ்டார்ட்டரைக் கழற்றி, கியர்பாக்ஸைப் பிடித்திருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். ஒரு போல்ட் வர மறுத்து அவன் விரல் முட்டித் தோலை உரித்தது. உச்சிவெயில் நேரத்தில் கியர்பாக்ஸ் அவன் நெஞ்சின் மேல் இறங்கியது. அதைப் புரட்டிச் சாக்கின் மேல் தள்ளிவிட்டு வெளியே வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான்.

மகள் ஜெனிட்டா படூரில் காலேஜில் பி.காம். படிக்கிறவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அன்றைக்குப் போகவில்லை. கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தவள் புது பிளேட்டை எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டு அகலம், நடுவில் இரும்பும் ஸ்பிரிங்கும், ஓரத்தைச் சுற்றிச் சொரசொரப்பாக ஒரு வட்டம்.

"எதையும் தொடாத" என்றான் ஜெபசிங். "இந்த ஓரத்து வட்டம் கீது பாரு, லைனிங்கு. இதான் புடிக்கறது. இதுல வெரல்ல கீற எண்ண பட்டாக்கூட வழுக்கும். எண்ணக் கையோட யாரும் இத தொடக்கூடாது. நானே சோப்பு போட்டு கழுவிட்டுதான் தொடுவேன்."

"நடுவுல?"

"நடுவுல வெறும் இரும்பு. அது கெடக்குது." சொல்லிவிட்டு பிளேட்டை நியூஸ்பேப்பரில் சுற்றி உள்ளே டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி வண்டிக்கடியில் நுழைந்தான். புது பிளேட் மாட்டுவதற்கு முன்னால் உள்ளே படிந்த கரியைத் துடைக்க வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், குக்கரோ, செருப்போ, ஜெனிட்டாவின் போனோ, ரூத் அதை மடியில் வைத்து ஜெபம் பண்ணி, சர்ச்சிலிருந்து கொண்டுவந்த ஒலிவ எண்ணெயைக் கட்டைவிரலில் தொட்டுச் சிலுவை போடுவாள். ஃபியட்டின் பானெட்டிலும் ஸ்டியரிங்கிலும் வருடா வருடம் அந்த எண்ணெய் ஏறியிருக்கிறது. ஜெபசிங் இதைக் கேலி செய்வான், ஆனால் தடுத்ததில்லை. அன்றைக்கு ரூத்தால் எழுந்து உட்கார முடியவில்லை. கால் இரண்டும் வீங்கி, விரல் வைத்தால் குழி விழுந்தது. "ஜெனி, புது சாமானுக்கு ஜெபம் பண்ணியா?" என்று அவள் கேட்டதும், "பண்றேம்மா" என்று மகள் சொன்னதும் வண்டிக்கடியில் இருந்தவன் காதில் விழத்தான் செய்தது. அப்போது அவன் வாயில் ஒரு போல்ட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். ஜெபம்தானே, பண்ணிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

மூன்று மணி சுமாருக்குக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, பிளேட்டை ஓரம் படாமல் எடுத்து மாட்டினான். நடுவில் ஒரு மினுமினுப்பு தெரிந்தது. துருப்பிடிக்காமல் இருக்க கம்பெனியில் தடவுவதாக இருக்கும் என்று நினைத்தான். ஒரு துணியில் துடைத்திருக்கலாம். துடைக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான். ரூத் உள்ளே இருமிக்கொண்டிருந்தாள், அவனுக்கு அவசரம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டி கட்டையிலிருந்து இறங்கியது. ஈ.சி.ஆர். வரைக்கும் ஒரு நடை ஓட்டிப் பார்த்தான். பெடல் வெண்ணெயாக இறங்கியது, வண்டி ஒரே பிடியில் கிளம்பியது. லட்சுமணன் வீட்டு வாசலில் வேண்டுமென்றே நிறுத்தி ஆரன் அடித்தான். லட்சுமணன் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டான்.

மறுநாள் விடியற்காலை கிளம்பினார்கள். ரூத் முன் சீட்டில், ஜெனிட்டா பின்னால் உட்கார்ந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு. ரூத்துக்கு மூச்சு மேலே மேலே வாங்கியது. மாமல்லபுரம் தாண்டிற்று, திருக்கழுக்குன்றமும் தாண்டிற்று. இன்னும் கால் மணியில் போய்விடலாம் என்று ஜெபசிங் வாய்விட்டுச் சொன்ன சற்று நேரத்தில் ஒரு மேடு வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தான். எஞ்சின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. கருகல் நாற்றம் அடித்தது. கியரைக் குறைத்துப் பார்த்தான். பாதி மேட்டில் வண்டி நின்று, மெல்லப் பின்னால் வழுக்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தான்.

ஜெனிட்டா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். ஜெபசிங் ரோட்டில் இறங்கி வருகிற வண்டிகளுக்கெல்லாம் கையை ஆட்டினான். இரண்டு லாரி ஒதுங்கிப் போயின. ஒரு பால் வண்டிக்காரன் நிறுத்தி இறங்கி வந்தான், ஆனால் ரூத்தைப் படுக்கவைக்க அதில் இடமில்லை. அவர்கள் இருந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. வந்தவர்கள் மேல் குற்றமில்லை, தூரம் அப்படி.

"கண்ணாடிய எறக்குங்க" என்றாள் ரூத். கண்ணாடி ஏற்கெனவே முழுக்க இறங்கித்தான் இருந்தது. "எறக்கிட்டேன்" என்றான் ஜெபசிங். அதற்கப்புறம் அவள் எதுவும் பேசவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கை தொங்கியது. ரத்தத்தில் உப்பு ஏறி இதயம் நின்றுவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, ஜெபசிங்கின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கொஞ்சம் முன்னால் என்றால் எவ்வளவு முன்னால்? புதன் சாயங்காலம் அளவுக்கா? அந்தக் கேள்வியை ஜெபசிங் கிட்டே வரவிடவில்லை. அதை வரவிட்டால் அவன் நிற்கமுடியாது. அதற்குப் பதில் பக்தவத்சலத்தைப் பிடித்துக்கொண்டான். புது பிளேட், ஒரு நாள்கூட ஓடவில்லை, கருகிவிட்டது என்றால் அது டூப்ளிகேட் அல்லாமல் வேறென்ன? அடக்கத்தன்று பக்தவத்சலம் யாரோ சொல்லக் கேட்டு மாலையோடு வந்தார். ஜெபசிங் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலேயே அவரை நிறுத்தினான்.

"டூப்ளிகேட் பிளேட்ட குடுத்து என் பொண்டாட்டிய கொன்னுட்டு மாலையா எடுத்துனு வர? தூக்கினு போ."

நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபது வயது மனுஷர் மாலையைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வாரத்தில் திருப்போரூர் வரைக்கும் அந்தக் கடை டூப்ளிகேட் கடை என்று பேராகிவிட்டது.

ஜெனிட்டா அழவில்லை, எழுதினாள். நுகர்வோர் கோர்ட்டுக்கு நாலு பக்கப் புகார். வாங்கிய தேதி, மாட்டிய நேரம், வண்டி நின்ற இடம், அம்மா இறந்த நேரம். கடைசியில், பழுதான பிளேட்டை ஆய்வுக்கு ஒப்படைக்கத் தயார் என்று ஒரு வரி. அச்செடுத்து வந்து அப்பாவிடம் காட்டினாள்.

"பிளேட்ட கழட்டிக் குடுப்பா. அத பாத்தா அவங்களுக்கே தெரியும்."

அப்படித்தான் ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, வாசலுக்கு இழுத்துவந்து போட்டிருந்த அந்த வண்டிக்கடியில் ஜெபசிங் மறுபடி படுத்தான். அதே மரக்கட்டை, அதே போல்ட்டுகள், முட்டியில் அதே இடத்தில் உரிந்தது. பிளேட்டைக் கழற்றி வெளியே கொண்டுவந்து வெயிலில் பிடித்தான்.

லைனிங் கருகிப் பளபளத்தது. அங்கங்கே பழுப்பாக எண்ணெய் குடித்த திட்டு. எஞ்சின் ஆயில் ஒழுகியிருக்குமோ என்று எட்டிப் பார்த்தான். உள்ளே சொட்டு ஈரமில்லை. அப்புறம் பிளேட்டைத் திருப்பினான். எஞ்சின் பக்கம் பார்த்திருந்த முகத்தில், நடு இரும்பின் மேல், தேய்ந்து உதிர்ந்த லைனிங் தூள் எண்ணெயில் ஒட்டிக் கறுப்பாக ஒரு சிலுவை இருந்தது. கட்டைவிரல் அகலம். அதன் நாலு முனையிலிருந்தும் ஓரத்தை நோக்கிக் கோடு கோடாக எண்ணெய் சிதறி ஓடியிருந்தது.

ஃபிட்டருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். பிளேட் சுற்றுகிற வேகத்தில் நடுவில் இருப்பது நடுவில் இருக்காது. சூடேற ஏற எண்ணெய் இளகி, சுழற்சியில் வெளியே வீசப்பட்டு, வட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முதல் நாள் ஈ.சி.ஆர். வரை போய்வந்ததில் தெரியாது. ஒரு மணி நேரம் ஓடினால் தெரியும்.

தொடாதே என்று அவன் சொன்ன இடத்தை மகள் தொடவில்லை. நடுவில் வெறும் இரும்பு, அது கெடக்குது என்று சொன்னது அவன் வாய்தான். ஜெபசிங் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். பக்தவத்சலத்தின் மாலை கண்ணில் வந்தது. லட்சுமணன் வேலியோரம் நின்றது வந்தது. ஒரு மாதமாகக் கிட்டே வரவிடாமல் வைத்திருந்த கேள்வியெல்லாம் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தது.

புகார் போனால் இந்த பிளேட்டும் போகும். பார்க்கிறவன் ஒருவன் இதே சிலுவையைப் பார்ப்பான், எழுதுவான். அதை ஜெனிட்டா படிப்பாள். படித்த பிறகு அவள் எப்படி இருப்பாள்? புகார் போகாமல் நின்றாலோ, பக்தவத்சலம் சாகும்வரை கொலைகாரர். ஜெபசிங் எழுந்துபோய்ப் பெட்ரோலில் ஒரு துணியை நனைத்துவந்து நடு இரும்பைத் துடைத்தான். சிலுவை போயிற்று. லைனிங்கில் ஏறிய எண்ணெயை மட்டும் துடைக்க முடியாது.

ஜெனிட்டா வாசலுக்கு வந்தாள். "பாத்தியாப்பா? டூப்ளிகேட் தானே?"

"கடைக்கு போலாம் வா" என்றான். அவள் புகார்த் தாளையும் எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். வழியெல்லாம் அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அந்த மேட்டில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடையில் கூட்டமில்லை. பக்தவத்சலம் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அடிக்க வந்திருக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார். ஜெபசிங் பிளேட்டை மேசை மேல் வைத்தான். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்து, நகத்தால் லைனிங்கைச் சுரண்டினார்.

"இது ஒரிஜினல் தான், ஜெபசிங்கு. ஆயில் பட்டுக்கீது" என்றார் மெல்ல.

"ஆயில் எப்டி சார் வரும்?" என்றாள் ஜெனிட்டா. "புது பிளேட்டு. எங்கப்பா ஒழுங்காதான் மாட்டினாரு."

"எஞ்சின் சீல் ஒழுகினா வரும்மா. இல்லன்னா..."

"சீல் ஒழுகல அண்ணாத்த" என்றான் ஜெபசிங். "என் தப்பு தான். எண்ணக் கையோட மாட்டிட்டேன். அவசரத்துல தொடைக்கல. உங்க சாமான் மேல ஒண்ணுமில்ல. அன்னிக்கி உங்கள நாலு பேர் எதிர்ல பேசுனது தப்பு."

ஜெனிட்டா அப்பாவையே பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை ஜெபசிங் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எனக்கு சொன்னியேப்பா" என்றாள். "எண்ணக் கையோட யாரும் தொடக்கூடாதுன்னு எனக்கு பாடம் எடுத்தியே. நான் அன்னிக்கி ஜெபம் பண்ணும்போதுகூட நீ சொன்னத நெனச்சினு தான் இருந்தேன். நடுவுல, இரும்பு மேல மட்டும் தான் சிலுவ போட்டேன். அம்மாவுக்காகன்னு நெறைய வச்சேன், ஆனா அந்த வட்டத்துக்கு ஒரு சொட்டு போகாம பஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்தேன். ஒண்ணும் தெரியாத நானே அவ்ளோ பாத்து செஞ்சேன். தொழில் தெரிஞ்சவன் நீ. உனக்கு கைய தொடைக்க நேரமில்லியா?"

பிளேட்டின் மேலிருந்த பக்தவத்சலத்தின் கை நின்றது. முப்பத்தைந்து வருடமாக கிளட்ச் பிளேட் விற்கிறவருக்கு நடுவில் வைத்த எண்ணெய் எங்கே போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பெட்ரோல் போட்டுத் துடைத்துப் பளிச்சென்றிருந்த நடு இரும்பைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு ஜெபசிங்கைப் பார்த்தார். அந்த மனுஷர் வாயைத் திறந்தால் அவன் தடுக்க முடியாது. தடுக்கிற யோக்கியதையும் அவனுக்கு இல்லை.

அவர் பிளேட்டைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

"ஆமாம்மா. கை ஆயிலு தான்" என்றார். "ஆனைக்கும் அடி சறுக்கும். உங்கப்பா வேணும்னு செய்யல." பழைய நியூஸ்பேப்பர் ஒன்றை உருவி பிளேட்டைச் சுற்றினார். "இது இங்கியே கெடக்கட்டும். பழைய இரும்புல போட்டுடறேன்."

ஜெனிட்டா புகார்த் தாளை மேசை மேல் வைத்தாள். "சாரி சார்" என்றாள் அவரிடம். அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் கடையிலிருந்து இறங்கினாள்.

"அண்ணாத்த" என்று ஆரம்பித்தான் ஜெபசிங்.

"ஊர்ல போயி எல்லார்கிட்டயும் நீயே சொல்லணும்" என்றார் பக்தவத்சலம். "எங்கிட்ட சொன்ன மாதிரியே. மறந்துடாத. எம் பையன் கடைய மூடிடலாம்னு சொல்லிகினு கீறான்."

"சொல்றேன்."

"போ. பொண்ணு தனியா நிக்குது."

வெளியே ஜெனிட்டா பைக்குக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஜெபசிங் பைக்கைத் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனான்.

"ஏறும்மா."

"நான் பஸ்ல வரேன்." அவள் பார்வை அவன் கைகளில் இருந்தது. "அத்த வூட்டுக்கு போறேன். அங்கேர்ந்தே காலேஜுக்கு போய்க்கறேன்."

அவனும் தன் கைகளைப் பார்த்தான். அன்றைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய கைகள். உள்ளதைச் சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. ஒரே வார்த்தை போதும், அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்ப்பாள். அப்புறம் தன் கட்டைவிரலைப் பார்ப்பாள், வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"அத்தைக்கு போன் போட்டு சொல்லிடறேன், நீ வரன்னு" என்றான் ஜெபசிங்.

பஸ் வந்தது. அவள் ஏறி, அவன் கண்ணுக்குத் தெரியாத மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.